ஸ்டோர் ரூமில் கிடைத்த கம்பு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர உட்கார்ந்து படியுங்க. திருவிழா முடிந்ததிலிருந்து நிறைய பேர் என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டீங்க. ரதத்துக்கு முன்னாடி சிலம்பம் எப்படி திரும்ப வந்தது? முப்பது வருஷத்துக்கு மேல இல்லையே? அடுத்தது, மூலஸ்தானத்துக்கு வெளியே மஞ்சள் துணி சுத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய கம்பு யாருடையது? நிர்வாகத்தில் மற்றவர்கள் "அவரைக் கேளுங்க" என்று என்னைக் கை காட்டி விட்டார்கள். அது சரிதான். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

நம்ம ஆலயம் இப்போது இந்தத் தாமானில் இருந்தாலும், முதலில் தோட்டத்துக் கோயில் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நான் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். 1980-ல் எனக்குப் பதினோரு வயது. அப்போதுதான் வாத்தியாரிடம் சிலம்பம் கற்றுக்கொள்ளப் போனேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. அவரும் பால்மரம் வெட்டுபவர்தான். விடியற்காலை பெரட்டுக்குப் போவார், மதியம் வரை காண்டாவாளி தூக்குவார், சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் உள்ள திடலுக்கு வந்து விடுவார். அந்த நேரத்திலிருந்து அவர் எல்லாருக்கும் வாத்தியார். தண்டல் கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

சேர்வதற்குக் கட்டணம் எல்லாம் இல்லை. வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், ஒரு வெள்ளி இருபத்தைந்து காசு. அதைத் தட்டில் வைத்து அவர் காலில் விழுந்து கொடுக்க வேண்டும். அந்தக் காசையும் அவர் அம்மன் உண்டியலில் போட்டு விடுவார்.

நான் ஆசையாகப் போனது கம்பு சுத்த. எம்.ஜி.ஆர். படம்தான் காரணம். தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். 'பெரிய இடத்துப் பெண்'ணில் அவர் கம்பு சுத்துவதையும், 'உழைக்கும் கரங்கள்' படத்தில் மான்கொம்பு வைத்துச் சண்டை போடுவதையும் பார்த்து விட்டு, மறுநாள் ரப்பர் மரக்கிளையை ஒடித்து நாங்களே சுத்தி மூக்கை உடைத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். உண்மையிலேயே சிலம்பம் கற்றவர். அதனால் திரையில் அவர் கால் பொய் சொல்லாது என்று வாத்தியார் சொல்வார்.

ஆனால் வாத்தியார் மூணு மாசம் எனக்குக் கம்பே கொடுக்கவில்லை. காலடி மட்டும்தான். தரையில் சாம்பலால் கோடு போடுவார். முன் கால், பின் கால், திரும்பு, உட்கார், மறுபடி. "கம்பு கையில இருக்குன்னு நெனைக்காதே. கம்பு கால்ல இருக்கு" என்பார். அப்போது புரியவில்லை. காலடி தப்பினால் எவ்வளவு வேகமாகச் சுத்தினாலும் எதிராளி ஒரு எட்டு உள்ளே வந்து நெற்றியில் பொட்டு வைத்து விட்டுப் போவான் என்பது, பொட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது. பொட்டு என்று சும்மா சொல்லவில்லை. போட்டி ஆட்டத்தில் கம்பு நுனியில் கரியோ குங்குமமோ தடவி வைப்பார்கள். உடம்பில் யாருக்கு எங்கே பட்டிருக்கிறது என்று ஆட்டம் முடிந்ததும் தெரிந்து விடும், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நெற்றியில் தொட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் சலாம் வரிசை. அம்மனுக்கு, மண்ணுக்கு, குருவுக்கு, எதிரில் நிற்பவனுக்கு வணக்கம் வைக்காமல் யாரும் கம்பைத் தூக்கக் கூடாது. அதன் பிறகு வீச்சு, தட்டு, வெட்டு, குத்து என்று ஒவ்வொன்றாக வரும். நம் ஊரில் மூங்கிலை விட பிரம்புதான் வசதி, பெலுக்காரில் வெட்டிக்கொண்டு வருவோம். நிற்கும் ஆளின் நெற்றி உயரத்துக்கு அறுத்து, நெருப்பில் வாட்டி நேராக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் எண்ணெய் தடவ வேண்டும். பையன் வளர வளர அவனுக்குப் புதுக் கம்பு. என் வீட்டு மூலையில் எனக்கு மூணு வயசுக்கு மூணு கம்பு நின்றது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாண்டிய நாட்டுப் பக்கத்துப் பாளையக்காரர்களிடம் போர்க்கலையாக இருந்தது. கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். 1801-ல் மருது சகோதரர்களையும் ஒழித்த பிறகு, வெள்ளைக்காரன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களையும் பிடுங்கினான். வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாம் போச்சு. மாடு மேய்ப்பவன் கையில் உள்ள கம்பை யார் பிடுங்க முடியும்? போருக்கு இருந்தது திருவிழா ஆட்டமாகக் கிராமத்தில் தங்கி விட்டது. அந்தக் கிராமங்களிலிருந்துதான் நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறி இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். மூட்டையில் அம்மன் படம் ஒன்று. கலை மூட்டையில் இல்லை, உடம்பில் வந்தது.

இங்கே அது நன்றாக வளர்ந்தது. காரணம் சாதாரணம். தோட்டத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடியும். திடல் உண்டு, கோயில் உண்டு, வருஷத்தில் ஒரு திருவிழா உண்டு. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நம் திருவிழாவுக்கு வந்து ஆடுவார்கள், அவர்கள் திருவிழாவுக்கு நாம் போவோம். கள்ளுக்கடைக்குப் போக வேண்டிய கால்களைத் திடலுக்கு இழுத்த ஒரு சில விஷயங்களில் இது ஒன்று. 1946, 47-ல் கெடாவில் தொண்டர் படை என்று ஒன்று எழுந்து கள்ளுக்கு எதிராகப் போராடியதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்த காலம் அது. உடம்பைக் கட்டுப்பாட்டில் வை, குடியை விடு என்பதுதான் அப்போதைய பேச்சு. எங்கள் வாத்தியாரும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். குடித்து விட்டு வருபவனைத் திடலுக்குள் விட மாட்டார். சொந்தத் தம்பியையே வெளியே நிறுத்தியிருக்கிறார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. துண்டாடல் வந்து பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்றார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரப்பர் போய் செம்பனை வந்ததும் முன்பு போல ஆள் தேவைப்படவில்லை. நாங்கள் எல்லாரும் தொழிற்சாலைக்குப் போனோம். நானும் எஸ்.பி.எம். முடித்து விட்டு 1988-ல் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். சிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவு. திடலில் ஒன்றாக நின்ற இருபது பேரில் எந்த சாயங்காலமும் ஏழு பேர்கூட சேர முடியவில்லை. பிள்ளைகள் கராத்தே, டேக்வாண்டோ பக்கம் போனார்கள். அங்கே பெல்ட் கொடுத்தார்கள், சர்டிபிகேட் கொடுத்தார்கள், பள்ளியில் மார்க் கிடைத்தது. வாத்தியாரிடம் என்ன இருந்தது? திருநீறும் திட்டும்தான். "தோட்டத்து விளையாட்டு" என்று நம் ஆட்களே சொல்ல ஆரம்பித்தோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார்கள் பக்கமும் குறை இருந்தது, மறைக்கக் கூடாது. எழுதி வைக்க மாட்டார்கள். கடைசி சில முறைகளை யாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரின் ஆட்டத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. அதன் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடிய ஒரு சீன டெக்னிஷியன் ஓய்வு பெற்றுப் போனார். அவர் போன மறுமாதம் மெஷின் நின்றது, நாலு நாள் யாராலும் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது.

இவ்வளவும் எல்லாத் தோட்டத்திலும் நடந்த கதை. இனி சொல்லப் போவது நம்ம கோயில் கதை.

1991 திருவிழா. சாமி ரதம் இரவு ஒன்பது மணிக்கு மேல் மெயின் ரோட்டுக்கு வந்தது. முன்னால் எங்கள் சிலம்பக் குழு, பன்னிரண்டு பேர். தண்ணீர்ப் பந்தல் அருகில் ரதம் நின்று தீபாராதனை காட்டினார்கள். குழு இளைப்பாறியது. கம்புகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி என்னிடம் கொடுத்த வாத்தியார், "தம்பி, இத விட்டு நகராதே" என்றார். நான்தான் குழுவில் மூத்தவன், எனக்கு இருபத்திரண்டு வயது.

நான் நகர்ந்தேன். தாகம். கம்புக் கட்டைக் கடை ஐந்தடிச் சுவரில் சாய்த்து வைத்து விட்டு மோர் குடிக்கப் போனேன். அங்கே பழைய கூட்டாளி ஒருத்தனைப் பார்த்து பேசிக்கொண்டு நின்று விட்டேன். ஐந்து நிமிஷம் இருக்கும், பத்தே இருக்கட்டும். அதற்குள் ரெண்டு கும்பலுக்குள் ஏதோ பழைய பகை. நம்ம குழுவைச் சேர்ந்த ஒருத்தன் கூட அதில் இல்லை. சுவரில் இருந்த கம்புகளை உருவி அடித்துக்கொண்டார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு மண்டை பிளந்து ஏழு தையல். போலீஸ் வந்தது. அம்மன் ரதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடுரோட்டில் நின்றது. குழந்தைகள் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் நிர்வாகக் கூட்டம். நான் இளைஞர் பகுதி சார்பாக உள்ளே இருந்தேன். "சிலம்பத்தாலதான் இந்த அவமானம். இனிமே கோயில்ல கம்பே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "கம்ப எல்லாம் எப்படி அவனுங்க கைக்குப் போச்சு? யார் பொறுப்புல இருந்துச்சு?" என்று கேட்டார். எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். பிறகு, "என் பொறுப்புலதாங்க இருந்துச்சு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. சிலம்பத்தை நிறுத்த வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் கை தூக்கினேன். பயம். தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். வாத்தியார் எழுந்து தன் கம்பை எடுத்துக்கொண்டு போய் கோயில் ஸ்டோர் ரூமில் வைத்தார். "சாமிக்கு ஆடின கம்பு, சாமிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி விட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் கம்பு தொடவில்லை.

அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் மாவிலைத் தோரணம் கட்டுவார், பாத்திரம் கழுவுவார். என்னைப் பார்த்தால் "சாப்பிட்டியா தம்பி" என்பார். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், சொல்லியிருப்பேன். நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயம் உடைந்தது. ஆட்கள் பிளாட்டிலும் தாமானிலும் சிதறினார்கள். கோயிலை இங்கே மாற்றினோம். திடல் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

2004-ல் வாத்தியார் தவறி விட்டார். நான் இரவு சிப்ட் முடிந்து நேராகப் போனேன். அவர் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அப்பாவோட கம்பு கோயில்ல இருக்குன்னு சொன்னாரு. பெட்டிக்குப் பக்கத்துல வைக்கணும், எடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டார். ஓடி வந்து தேடினேன். கோயில் இடம் மாறியதில் ஸ்டோர் சாமான்கள் எங்கெங்கோ போயிருந்தன. ரெண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. கம்பு இல்லாமலே வாத்தியாரை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னால் அவருக்கு ரெண்டாவது தடவையும் எதுவும் செய்ய முடியவில்லை.

போன வருஷம் கும்பாபிஷேக வேலைக்காக ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். தொண்டர்கள் பழைய ஜிங்க் தகடுகளை வெளியே இழுத்தபோது, சுவரோரம் ஒரு நீள மூட்டை. பிரித்தால் ஒரு பழுத்த வேட்டி, உள்ளே கம்பு. பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. ஒரு தம்பி, "மாமா, இது குப்பையா?" என்று கேட்டான். நான் தரையில் உட்கார்ந்து விட்டேன்.

அன்றைக்கே வாத்தியார் மகனுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். மோர் குடிக்கப் போனது, வாய் திறக்காதது, கை தூக்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாவுக்குத் தெரியும்ணே. எங்ககிட்ட சொல்லியிருக்காரு. சின்னப் பையன், வேலையில இப்பதான் சேர்ந்திருக்கான், போலீஸ்ல பேரு போனா அவன் வாழ்க்க போயிடும்னு சொன்னாரு" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்கு நான் சூப்பர்வைசர், வீடு இருக்கிறது, பிள்ளைகள் படித்து விட்டார்கள். இதில் எவ்வளவு அந்த மனுஷன் மௌனமாக வாங்கிக்கொண்டதால் வந்தது என்று யோசித்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இந்த வருஷம் ஒரு இளைஞர் நிர்வாகத்துக்கு மனு கொடுத்தார். வேறு ஊரில் முறையாகச் சிலம்பம் கற்றவர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். இப்போது காலம் மாறியிருக்கிறது. 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு விளையாட்டுக் கழகங்கள் முறையாகப் பதிவு செய்துதான் நடக்கின்றன. போட்டிக்கு விதிமுறை, புள்ளி, நடுவர் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. ஆனால் நம்ம கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "1991 மறந்து போச்சா? மறுபடியும் மண்ட உடையணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அவர் அன்றைக்கு அந்தப் பையனைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

நான் எழுந்து நின்றேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். கம்பு என் பொறுப்பில் இருந்தது, நான் விட்டு விட்டுப் போனேன், பழி வாத்தியார் மேல் விழுந்தபோது சும்மா இருந்தேன் என்று. சிலம்பம் யாரையும் அடிக்கவில்லை ஐயா, காவல் இல்லாத கம்புதான் அடித்தது, அந்தக் காவல்காரன் நான் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மூத்தவர் ரொம்ப நேரம் கழித்து, "அப்ப இந்தத் தடவ கம்புக்கு நீதான் காவல்" என்றார். அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

தொழிற்சாலையில் டூல் வெளியே போனால் எழுதுவோம், உள்ளே வந்தால் எழுதுவோம். அதையே செய்தேன். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு கம்பு, ஒவ்வொன்றிலும் எண். ரதம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணினேன். தீப்பந்தம் வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது, ஒத்துக்கொண்டோம். ராத்திரி முழுக்க நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் மணி ஒன்றரைக்குக் கோயில் வாசலில் எண்ணியபோது பதினான்கும் இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வாத்தியார் கம்பை யாரும் சுத்தவில்லை. அவர் மகன் அதைக் கையில் ஏந்தி ரதத்துக்கு முன் நடந்தார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழுவில் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று ஆடியதே, அவள் காலடியை அவர் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்பா பொம்பளப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலண்ணே, அது ஒண்ணுதான் அவர் செஞ்ச தப்பு" என்றார். அந்தப் பிள்ளை என் எதிரில் வந்து சலாம் வரிசை போட்டபோது எனக்கு என் கால் தானாக நகர்ந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் முட்டி வலியோடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மாலை 4.30-க்கு ஆலய வளாகத்தில் சிலம்ப வகுப்பு நடக்கிறது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை யாரும் வரலாம். பெற்றோர் கூட வந்து உட்கார்ந்து பார்க்கலாம். முதல் மூணு மாசம் காலடிதான், பிள்ளைக்குக் கம்பு கொடுக்கவில்லை என்று சண்டைக்கு வராதீங்க. அன்று அந்தத் திடலில் வாத்தியாரிடம் ஆடியவர்கள் எங்கே இருந்தாலும் ஒரு முறை வாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கிற வரிசைகளை அந்தத் தம்பி கைபேசியில் படம் பிடித்து வைக்கிறார். நாலு வரிசை இதுவரை கிடைத்திருக்கிறது. என் ஞாபகத்தில் இருந்தது ரெண்டு, அதிலும் ஒன்று பாதிதான்.

அன்று தையல் போட்ட பையன், இப்போது ஐம்பது வயதுக்காரர், இதைப் படித்தால் என்னைத் தொடர்பு கொள்ள வேண்டும். உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு அன்னதானம் உண்டு, காய் நறுக்க ஆள் தேவை, மாலை ஐந்து மணிக்கே வந்து விடுங்கள்.

ஓம் சக்தி.